கால் மில்லிமீட்டர் பித்தளை

பித்தளை வளரும் என்று சொன்னால் பாத்திரக் கடைக்காரர் சிரிப்பார். ரைஃபிள் வைத்திருப்பவர் சிரிக்க மாட்டார். சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டு வரும்போது, பித்தளை வாய்ப் பக்கமாக வழிந்து மயிரிழை நீண்டு விடுகிறது. இப்படிச் சில முறை செய்தால் மயிரிழைகள் சேர்ந்து ஏறத்தாழ ஒரு தபால் கார்டின் கனம் ஆகிவிடும். அதை வெட்டிச் சீர் செய்யாமல் மறுபடி துப்பாக்கிக்குள் தள்ளினால் சுடுகிறவரின் கண்ணுக்கும் கைக்கும் உத்தரவாதம் கிடையாது.

அமெரிக்காவில் இந்த மயிரிழையை வெட்டுவதற்கென்றே கருவிகள் விற்கிறார்கள். தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது அங்கே தச்சு வேலை, மீன் பிடிப்பது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. எந்த வெட்டுக் கருவி நல்லது என்று துப்பாக்கிக் கழகங்களில் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். தமிழ்நாடு, கேரள எல்லையின் மலைத் தோட்டம் ஒன்றிலும் அதே வாதம் எழுந்தது. அதைக் கூட்டி வந்தது காட்டுப் பன்றி.

வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழைந்தாலும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கு ஏறினாலும், எல்லைக்கு அப்பால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். பாலக்காட்டின் கிழக்கே நெல்லும் நிலக்கடலையும், அட்டப்பாடியில் ராகி, துவரை, மரவள்ளி, வட்டவடையிலும் காந்தளூரிலும் உருளைக்கிழங்கு, பூண்டு, மறையூரில் கரும்பு, வண்டன்மேடு, உடும்பன்சோலைப் பக்கம் ஏலம். பன்றிக்கு இதில் பேதம் இல்லை. கிழங்கென்றால் தின்னும். ஏலமென்றால் மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்காகத் தூரையே கிளறிப் போட்டுவிட்டுப் போகும். ஒரு ராத்திரி பத்துப் பன்றிகள் இறங்கினால் மரவள்ளித் தோட்டம் உழுது போட்ட மாதிரி ஆகிவிடும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பன்றியையும் காக்கிறது. ஆனால் உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால் சில விலங்குகளைக் கொல்ல அனுமதி தரலாம் என்று அதன் 11-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தை 2022 மே மாதத்தில் கேரள அரசு ஊராட்சித் தலைவர்கள், நகராட்சித் தலைவர்கள், மேயர்கள் கையில் கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரைக் கொண்டு பன்றியைச் சுடச் சொல்லலாம். விஷம் வைக்கக் கூடாது. மின்சாரம் பாய்ச்சக் கூடாது. வெடி வைக்கக் கூடாது. செத்த பன்றியை முறைப்படி அழித்துவிட வேண்டும்; கறிக்கு எடுக்கக் கூடாது. தமிழ்நாடு வேறு வழியில் போயிற்று. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட முடியாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் சுடலாம், ஆனால் வனத்துறையினர் மட்டும். ஒரே பன்றி கம்பம்மெட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு சட்டம், அந்தப் பக்கம் நின்றால் இன்னொரு சட்டம்.

ஆக, கேரளப் பக்கத்தில் உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஊராட்சித் தலைவர் தேடி வருகிற ஆள் அவர். ராத்திரி தூக்கம் கெட்டு, பனியில் காத்திருந்து, இரண்டு தோட்டா செலவழிப்பார். ஒன்று படும், ஒன்று தவறும். தோட்டா விற்கும் உரிமக் கடை மலைக் கிராமத்தில் இருக்காது; மலையிறங்கி நகரத்துக்குப் போக வேண்டும். ஒரே சமயத்தில் இத்தனை, ஆண்டுக்கு இத்தனை என்று உரிமத்தில் வரம்பு வேறு எழுதியிருக்கும். இதற்கிடையில் தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி ஓலை வரும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

கம்பத்தில் வீடும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டமும் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்குகிற வாழ்க்கை. அப்படி ஒரு குடும்பத்தில், அப்பா காலத்து .315 ரைஃபிள் ஒன்று தோட்ட வீட்டு அலமாரியில் இருக்கிறது. முறைப்படி மகன் பெயருக்கு மாற்றிய உரிமமும் இருக்கிறது. மகனுக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை எறிய மனம் வராமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பது அவர் வழக்கம். டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகனின் கண்ணில் பட்டது அந்தப் பாட்டில்.

"மாமா, இத்தனையையும் சும்மாவா வச்சிருக்கீங்க? அங்க ஒரு கூட்டை அஞ்சாறு தடவ ரொப்பிச் சுடுவாங்க."

"ரொப்புறதுக்கு எங்க போறது?"

"கருவி எல்லாம் நான் கொண்டாறேன். நீளம் வெட்ற கருவி மட்டும் நாலஞ்சு தினுசு இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க."

"எது வேணும்னு அப்புறம் பாப்போம் மாப்ள. எதுக்கு வேணும், அத மொதல்ல சொல்லு."

மாமா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. பதில் தோட்டாவுக்குள் இருக்கிறது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் கேப்பும் மருந்தும் எரிந்து போகின்றன, குண்டு போய்விடுகிறது, கூடு மட்டும் மிஞ்சுகிறது. விலையில் கணிசமான பங்கு இந்தக் கூட்டுக்குத்தான். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த உலோகம் இது. வெடித்த கணத்தில் விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வர வழி விடும். தோட்டாவுக்குப் பித்தளை நூறாண்டுக்கு மேலாக நீடிப்பது இந்தக் குணத்தால்தான்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் நீளத்தின் மகிமை புரியும். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு காற்று இருக்கும். உலகெங்கும் புழங்கும் .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 62,000 பவுண்டு. சுடுகிறவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இது நடக்கிறது. கூட்டின் வாய், அறையில் அதற்கென்று விட்ட இடத்தைத் தாண்டி நீண்டிருந்தால், அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்குண்டு குண்டைக் கவ்விக்கொள்ளும். குண்டு நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாது. அழுத்தம் வரம்பை மீறும். .308 தோட்டாக் கூட்டின் நீளம் 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, வெட்டும்போது 50.93-க்கு வெட்ட வேண்டும் என்பது கணக்கு. .30-06 தோட்டாவுக்கு இவை 63.35, 63.09. எதில் பார்த்தாலும் விவகாரம் கால் மில்லிமீட்டர்தான்.

அந்தக் கால் மில்லிமீட்டரை வெட்ட மருமகன் சொன்ன கருவிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை மிக மலிவு. ஒவ்வொரு தோட்டா அளவுக்கும் ஒரு எஃகுக் கம்பி. அதன் தலையில் வெட்டும் பற்கள். கம்பி கூட்டுக்குள் நுழைந்து, அடியில் உள்ள தீத் துளை வழியே இறங்கி, கூட்டைப் பிடித்திருக்கும் தட்டில் முட்டினால் வேலை முடிந்தது. அதற்கு மேல் வெட்ட நினைத்தாலும் வெட்டாது. அளவு கம்பியிலேயே இருப்பதால் கைத்தவறு குறைவு. ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. பாக்ஸர் வகைக் கூட்டில் அடியில் நடுவாக ஒரே துளை, கம்பி நுழையும். பெர்டான் வகையில் ஓரமாக இரண்டு சிறு துளைகள்; கம்பி நுழையாது. பாக்ஸர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவின் பல நாடுகள் பெர்டானைப் பிடித்துக்கொண்டன. ஆகையால் கருவி வாங்குமுன் காலிக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, கடினமாக்கிய எஃகு அச்சு. கூட்டை உள்ளே ஏற்றினால், அதிகப்படி நீளம் மட்டும் மேலே தலை நீட்டும். அரத்தால் தேய்த்துவிட வேண்டியதுதான். நிதானமான வேலை. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் கடைசல் பட்டறை. ஒரு பக்கம் கூட்டைக் கவ்வும் பிடி, மறுபக்கம் கைப்பிடி சுற்றினால் சுழலும் வெட்டு. வாய்க்குள் நுழையும் குமிழை மாற்றினால் எந்த அளவுத் தோட்டாவுக்கும் பொருந்தும். ஆனால் நீளத்தை நாமே திருகி வைக்க வேண்டும். வைத்தது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நான்காவது, மோட்டார் வைத்தது. மணிக்கு நூற்றுக்கணக்கில் வெட்டித் தள்ளும். போட்டிகளில் ஆயிரக்கணக்கில் சுடுகிறவர்களுக்கே அந்த விலை கட்டும்.

எந்தக் கருவி ஆனாலும் வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும். உள்ளேயும் வெளியேயும் அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் குண்டைச் செருகும்போது கீறல் விழும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெர்னியர் காலிப்பர் வேண்டும். அது இல்லாமல் மற்றவை இருந்து பயனில்லை. எத்தனை கூடு, எத்தனை வகைத் துப்பாக்கி என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் தேர்வு சுலபம். வருஷத்துக்குப் பத்துத் தோட்டா சுடுகிற மாமாவுக்கு முதல் வகையே தாராளம். கூட்டின் அடியில் எத்தனை துளை என்பதுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் மலையில் பன்றி சுடும் துப்பாக்கிகளில் ரைஃபிள் குறைவு. அதிகம் இருப்பது 12 போர் என்னும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கி. குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈயக் குண்டு உருட்டினால் பன்னிரண்டு குண்டு ஒரு பவுண்டு எடை வரும். பெயர்க் காரணம் அதுதான். அதன் தோட்டாக் கூடு இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அடியில் மட்டும் உலோகத் தொப்பி. கழுத்து கிடையாது, நேர்க் குழாய். அழுத்த வரம்பு 11,500 பவுண்டு. ரைஃபிளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. இந்தக் கூடு நீள்வதில்லை. மடித்த வாய் நைந்து கிழியும், அவ்வளவே. அதற்கு வெட்டுக் கருவி தேவையே இல்லை.

மலைக்கு ரைஃபிள் வந்த வழி வேறு. மூணாறுக்கு மேலே இரவிகுளம், 1895 முதல் 1971 வரை தேயிலைக் கம்பெனியின் வேட்டைக் காடாக இருந்தது. துரைமார்களின் சாமான்களில் ரைஃபிளும் ஒன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து வேட்டை நின்றது. 1978-இல் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின்பு இந்தியர் கைக்கு அதிகம் வந்தது .315. ராணுவம் வைத்திருந்த .303 தோட்டா பொதுமக்களுக்கு விலக்கு என்பதால், வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை சிவிலியன்களுக்கென்று செய்த ரைஃபிள் அது. அதற்கான தோட்டா புனேயில், 1869-இல் தொடங்கிய கிர்க்கி வெடிபொருள் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது கிர்க்கி, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் போயிற்று.

இத்தனையும் கேட்ட பிறகு மருமகனின் யோசனையில் ஒரே ஒரு ஓட்டை மிஞ்சியது. சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, தோட்டா தயாரிக்கும் உரிமம் வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது. அதோடு, தோட்டாவின் பாகங்களையும் தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களையும்கூட 'வெடிபொருள்' என்ற வரையறைக்குள்ளேயே இரண்டாவது பிரிவு சேர்த்திருக்கிறது. டெக்சாஸில் கடை அலமாரியில் தூங்கும் கருவி, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது வேறொன்றாகி விடலாம். உரிமமின்றித் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு. ஆயுள் வரையும் போகலாம். ஒரு பாட்டில் பித்தளைக்கு அது பெரிய விலை.

இதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு உண்மையாகவே தேவைப்படும் விவசாயிக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 13-ஆவது பிரிவு தனியே சொல்கிறது. அந்த நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. மருந்தைக் கொட்டி, ஈயத்தைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பது ஒவ்வொரு முறையும் சுடுகிறவர்தான். காலிப்பர் வைத்து அளந்து நிரப்பும் ரைஃபிள்காரருக்கு வாசல் அடைத்திருக்கிறது. கண்ணளவில் மருந்து கொட்டும் நாட்டுத் துப்பாக்கிக்காரருக்குத் திறந்திருக்கிறது. பழைய துப்பாக்கி எட்டும் தூரம் குறைவு, ஒரு வேட்டுக்குப் பின் மறு வேட்டுக்கு நேரமாகும், அதனால் கலவரக்காரர்களுக்கு உதவாது என்ற அரசாங்க நியாயம் புரியாததல்ல. ஆனால் அளவு என்ற ஒன்றைப் பற்றிச் சட்டம் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

அளவு இல்லாத மருந்து என்ன செய்யும் என்பதற்கு அதே பாலக்காட்டு மாவட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. பன்றி கடித்தால் வெடிக்கும்படி பழத்துக்குள்ளோ கறிக்குள்ளோ மருந்து பொதிந்து வைக்கும் பொறிக்குக் கோவைப் பக்கம் அவுட்டுக்காய் என்று பெயர். மலையாளத்தில் பன்னிப் படக்கம். 2020 மே மாதத்தில் மன்னார்க்காட்டுக்கு அருகே திருவிழாங்குன்றில், வாய் சிதைந்த ஒரு பெண் யானை வெள்ளியாற்றுத் தண்ணீருக்குள் போய் நின்றது. பல நாட்களாக அதனால் எதையும் தின்ன முடியவில்லை. மே 27 அன்று தண்ணீரிலேயே இறந்தது. பிரேதப் பரிசோதனையில் அது கர்ப்பமாக இருந்தது தெரிந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அந்த வெடியைச் செய்தவர்கள் கையில் அளவுகோல் எதுவும் இருந்திருக்காது. எந்த மிருகம் கடிக்கும் என்றும் அந்த வெடிக்குத் தெரியாது.

மருமகன் கேட்ட கேள்வியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் ஆசை வருவது விளையாட்டால் அல்ல; தோட்டா கிடைப்பதில் உள்ள அலைச்சலால். உரிமக்காரர் சட்டத்துக்குப் பயந்து அதோடு நிறுத்திக்கொள்வார். உரிமமே இல்லாதவர் அவுட்டுக்காய்க்கோ, கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கோ, வேலியில் இழுத்த மின்கம்பிக்கோ போவார். தொழிற்சாலையில் அளந்து அடைத்த தோட்டா எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அளவில்லாதவை பக்கத்தில் வரும். பன்றியைச் சுடச் சொல்லும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இறங்கி வந்தது நல்ல காரியம். சுட்ட கூட்டைக் காட்டினால் புதுத் தோட்டா தருவதற்கு மலையடிவாரத்திலேயே ஓர் ஏற்பாடு, தேர்தல் காலத்தில் பட்டியலில் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு, இவையும் உத்தரவோடு சேர்ந்து வந்தால்தான் அந்த அதிகாரத்துக்குப் பொருள் இருக்கும். காலிக் கூடு அப்போது கணக்குக் காட்டும் ரசீதாகவும் ஆகும்.

அதுவரை, கருவிகளில் வாங்கத் தக்கது காலிப்பர் ஒன்றுதான். அதை எந்த வன்பொருள் கடையிலும் வாங்கலாம். எந்தச் சட்டமும் தடுக்காது. புதுத் தோட்டாவைச் சுட்டதும் கூட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் சுற்றி ஓடினால், பித்தளை அங்கே இழுபட்டு மெலிகிறது என்று அர்த்தம். துப்பாக்கியின் பூட்டும் அறையும் தேய்ந்திருக்கலாம். கழுத்தில் வெடிப்பு இருந்தாலும், கேப் தட்டையாகி ஓரம் வழிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ஐம்பது, அறுபது ஆண்டு பழைய ரைஃபிள்களில் இதைப் பார்க்காமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கும் கூடுகளையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்து, அளந்து எழுதி வைக்கலாம். அப்படி ஒரு கூடு அகப்பட்டால், அடுத்த பன்றிக்காகக் காத்திருக்காமல் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் ரைஃபிளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை ஊராட்சித் தலைவரே வந்து கூப்பிட்டாலும் அதை அலமாரியை விட்டு எடுக்கக் கூடாது.